வாசலுக்கு வந்த பிள்ளையும், நான் திறந்த கதவும்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. அப்பா அம்மாவை ஊரில் விட்டுவிட்டு வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் கட்டாயம் கடைசி வரை படியுங்கள். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டாக இருக்கும் என் மாணவர்களும் படியுங்கள். உங்களில் ஏழெட்டுப் பேர் அந்தத் தொழிலில் இருப்பது எனக்குத் தெரியும்.

போன சித்திரையில் ஒரு நாள் காலை பதினோரு மணி இருக்கும். வாசலில் பைக் சத்தம். "டீச்சர், என்னைத் தெரியுதா?" என்று ஒரு பிள்ளை நிற்கிறான். முகம் பிடிபடவில்லை. தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னேன். பையிலிருந்து பேனாவை இடது கையால் எடுத்தான், உடனே தெரிந்துவிட்டது. மூன்றாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். இடது கையால் எழுதாதே என்று மற்றவர்கள் அதட்டியபோது, "அவன் கை அதுதான், விடுங்கள்" என்று சொன்னவள் நான்.

மருத்துவக் காப்பீட்டு ஏஜென்ட்டாக இருக்கிறேன் என்றான். எனக்கு அரசு ஓய்வூதியர் காப்பீடு இருக்கிறது, மாதாமாதம் 497 ரூபாய் பென்ஷனில் பிடிக்கிறார்கள் என்றேன். "அதுக்கு மேலே ஒரு டாப்-அப் போட்டுக்கலாம் டீச்சர்" என்றான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். கிளம்பும்போது கேட்டான்: "இந்தத் தெருவுல அறுபது தாண்டினவங்க வேற யாராச்சும் இருக்காங்களா டீச்சர்?"

நான்தான் பக்கத்து வீட்டுக்குக் கூட்டிப்போனேன். அங்கே இருக்கும் அக்கா சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னோடு ஒரே பள்ளியில் பதினான்கு வருடம். கணவர் இல்லை, மகன் திருப்பூரில். சிறப்பு ஓய்வூதியம் சொற்பம். ஆனாலும் "டீச்சர் கூட்டிட்டு வந்த பிள்ளை" என்ற ஒரே காரணத்துக்காக, மகன் அனுப்பி வைத்திருந்த பணத்தில் 23,000 ரூபாய் எடுத்துக் கொடுத்தார்.

விண்ணப்பம் ஆங்கிலத்தில் இருந்தது. அவன் நிரப்பினான். நோய் பற்றிய இடம் வந்ததும் அக்கா தாமாகவே, "எனக்கு சுகர் இருக்கு தம்பி, பதினோரு வருஷமா மாத்திரை போடுறேன்" என்றார். அவன் சிரித்துக்கொண்டே, "அது யாருக்குத்தான் இல்ல பெரியம்மா. எழுதினா மெடிக்கல் டெஸ்ட் எடுக்கச் சொல்வாங்க, பிரீமியமும் ஏறும்" என்று 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டான். அக்கா தமிழில் கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே இன்னொரு கட்டம் உண்டு: 'விவரங்களை அவருக்குப் புரியும் மொழியில் விளக்கினேன்' என்று. அதில் அவன் கையெழுத்துப் போட்டான்.

நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. வகுப்பில் ஒரு பிள்ளை தப்பாக எழுதினால் பின்னால் நின்றே கண்டுபிடிக்கும் எனக்கு, அன்றைக்கு அது தப்பாகத் தெரியவில்லை. நம் பிள்ளை, நன்மைக்குத்தான் சொல்கிறான் என்று இருந்துவிட்டேன்.

கார்த்திகையில் அக்காவுக்கு நெஞ்சுவலி. தனியார் மருத்துவமனையில் சேர்த்து ஸ்டென்ட் வைத்தார்கள். 1,85,000 ரூபாய். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'பதினோரு வருடச் சர்க்கரை நோய்' என்று டாக்டர் எழுதியிருந்தார். நிறுவனம் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டது. உண்மையை மறைத்தார் என்று சொல்லிப் பணம் தர மறுத்துவிட்டது. அக்காவின் சங்கிலி இப்போது அடகுக்கடையில் இருக்கிறது. என்னிடம் அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுதான் என்னைத் தூங்க விடவில்லை.

அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தை உட்கார்ந்து படித்தேன். ஓய்வு பெற்ற பிறகும் வீட்டுப்பாடம்!

முதலில் தெரிந்தது, அக்காவுக்கு அந்த பாலிசி அவசரமே இல்லை என்பது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. வருமானச் சான்றும் ரேஷன் அட்டையும் கொண்டு போனால் கலெக்டர் ஆபீசில் அட்டை வாங்கலாம். "அதெல்லாம் இல்லாதவங்களுக்கு" என்று கௌரவம் பார்த்து அக்கா வாங்காமல் இருந்திருக்கிறார். நானும் கேட்கவில்லை. வாசலுக்கு வரும் ஏஜென்ட்டுக்கு அதைச் சொல்வதால் கமிஷன் கிடையாது.

இரண்டாவது, எனக்குச் சொன்ன டாப்-அப். சக ஓய்வூதியர்கள் இதைக் கவனியுங்கள். டாப்-அப் பாலிசி முதல் ரூபாயிலிருந்து தராது. 5 லட்சம் கழிவுத்தொகை என்றால், 5 லட்சத்துக்கு மேல் போகும் செலவுக்குத்தான் தரும். 'சூப்பர் டாப்-அப்' என்றால் ஒரு வருடத்தில் ஆன மொத்தச் செலவையும் கூட்டிக் கணக்குப் பார்ப்பார்கள். நம் அரசுத் திட்டம் இருக்கிறதே, 2022 ஜூலையில் தொடங்கியது, அதில் 5 லட்சம் என்பது நான்கு வருடத்துக்கும் சேர்த்து. குறிப்பிட்ட சில பெரிய சிகிச்சைகளுக்கு மட்டும் 10 லட்சம். ஆனால் டாப்-அப்பின் கழிவுத்தொகையோ ஒவ்வொரு வருடமும் புதிதாகத் தொடங்கும். முதல் வருடம் 3 லட்சம் செலவாகிவிட்டது என்று வையுங்கள். அரசுத் திட்டத்தில் மீதி 2 லட்சம். அடுத்த வருடம் 5 லட்சம் பில் வந்தால் 2 லட்சம் அரசுத் திட்டம், 3 லட்சம் நம் கை. டாப்-அப் ஒரு ரூபாயும் தராது. டாப்-அப் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டாமல் விற்காதே என்கிறேன். நான்காம் வகுப்புக் கழித்தல் கணக்குதானே இது!

"முன்பின் தெரியாத ஆளை வாசலிலேயே நிறுத்துங்கள், கதவைத் திறக்காதீர்கள்" என்று பலர் எழுதுகிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் பெரியவர்கள் மட்டும்தான். பகலில் பேச வாசலுக்கு யாராவது வந்தால் அவர்களுக்கு அதுவே ஒரு சந்தோஷம். போனில் வரும் ஆங்கிலக் குறுஞ்செய்தியைவிட, எதிரில் உட்கார்ந்து தமிழில் சொல்லும் மனிதர் நல்லதுதான். என் வாசலுக்கு வந்தவனும் முன்பின் தெரியாத ஆள் இல்லையே. தெரிந்த ஆள் என்பதால்தானே நான் கேள்வி கேட்கவில்லை? பயிற்சி வகுப்பில் முதல் வேலையே தெரிந்தவர்கள் பெயரை நூறு எழுதச் சொன்னார்களாம். அவனே சொன்னான். அந்தப் பட்டியலில் டீச்சர் பெயர் இல்லாமல் இருக்குமா?

பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும்:

1. இருக்கும் நோயை எழுதச் சொல்லுங்கள். பிரீமியம் கூடினால் கூடட்டும். இப்போதுள்ள விதிப்படி, சொல்லிவிட்ட பழைய நோய்க்கு அதிகபட்சக் காத்திருப்பு 3 வருடம்தான். மறைத்த நோய்க்கோ பாலிசியே போய்விடலாம்.

2. பாலிசி கைக்கு வந்ததும் அதோடு இருக்கும் விண்ணப்ப நகலைப் பாருங்கள். பெற்றோர் அதைப் போட்டோ எடுத்து அனுப்பட்டும், பிள்ளைகள் படித்துச் சொல்லுங்கள். 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம். சில சிறு பிடித்தம் போகப் பணம் வந்துவிடும்.

3. அறை வாடகை வரம்பு எவ்வளவு, நாம் ஏற்க வேண்டிய பங்கு எத்தனை சதவீதம் என்று எழுத்தில் கேளுங்கள்.

4. பணம் மறுக்கப்பட்டால் சும்மா இருக்காதீர்கள். முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது பதில் திருப்தி இல்லை என்றால், சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். நிறுவனம் மறுத்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. சந்தேகத்துக்கு 155255 என்ற இலவச எண் இருக்கிறது.

அக்காவுக்காக நாங்கள் நிறுவனத்துக்கு எழுதினோம். மறுபடியும் மறுப்புதான் வந்தது. இப்போது குறைதீர்ப்பாளருக்கு மனு தயாராகிறது. நடந்ததை நடந்தபடி எழுதி, சாட்சியாக நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என் மௌனத்தையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன். அக்கா முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் வாங்கிவிட்டார்.

அந்தப் பிள்ளை போன மாதம் வந்தான். ஓடி ஒளியவில்லை, அதைச் சொல்ல வேண்டும். "டார்கெட் டீச்சர், மாசக் கடைசி" என்று தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். 'பெரியம்மா சுகர் இருப்பதைச் சொன்னார், நான்தான் எழுதவில்லை' என்று ஒரு கடிதம் கொடு என்று கேட்டேன். ஏஜென்சி போய்விடும் டீச்சர் என்றான். இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள் என்றான். எனக்கும் அது புரிகிறது.

தம்பி, உன் பெயரை நான் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் இந்தப் பதிவை நீ படிப்பாய். மனு வெள்ளிக்கிழமை தபாலில் போகிறது. அதில் உன் கடிதத்துக்கு ஒரு பக்கம் இடம் விட்டு வைத்திருக்கிறேன். எந்தக் கையால் எழுதினாலும் சரி, உண்மையை எழுது.

எல்லோரும் நலமாக இருங்கள். ஊரில் இருக்கும் பெரியவர்களுக்கு இன்று ராத்திரி ஒரு போன் போடுங்கள். என்ன பாலிசி வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்