புண்ணியத்துக்குப் போகலாம், பூப் பார்க்கப் போகக் கூடாதா?

என்னோடு ஒரே செக்‌ஷனில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த தோழி ஒருத்தி. வயது 66. கணவர் தவறி ஆறு வருஷம் ஆகிறது. சொந்தப் பென்ஷன், சொந்த வீடு, தினமும் காலையில் கடற்கரையில் ஐந்து கிலோமீட்டர் நடை. போன வருஷம் ஒரு டூர்காரரோடு கேதார்நாத், பத்ரிநாத் போய் வந்தாள். மகன்தான் பணம் கட்டினான். திரும்பி வந்ததும் தெருவே வந்து பிரசாதம் வாங்கிக்கொண்டது.

இந்த வருஷம் அதே உத்தராகண்டில் இருக்கும் பூக்களின் பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும் என்றாள். கும்பல் வேண்டாம், தானே டிக்கெட் எடுத்து, தானே அறை பிடித்துப் போகிறேன் என்றாள். வீட்டில் ரகளை.

"உனக்கு எதுக்கும்மா இந்த வயசுல இதெல்லாம்?" என்றான் மகன். "காலம் கெட்டுக் கிடக்கு, தனியாவா போவே?" என்றார் தம்பி. "நாலு பேர் என்ன சொல்லுவாங்க அத்தை?" என்றாள் மருமகள்.

இது ஒரு வீட்டுச் சண்டை என்றால் நான் எழுதவே மாட்டேன். இந்த மூன்று கேள்வியும் நம் ஊரில் எல்லா வீட்டிலும் இருக்கின்றன. அவற்றை அறிவுரை என்று வேறு சொல்லிக்கொள்கிறோம். ஆகவே ஒன்றொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் வயது. கேதார்நாத் 3,583 மீட்டர் உயரம். கௌரிகுண்டிலிருந்து 16 கிலோமீட்டருக்கு மேல் ஏற்றம். பூக்களின் பள்ளத்தாக்குக்குப் போகிறவர்கள் இரவு தங்கும் காங்கரியா சுமார் 3,050 மீட்டர்தான். கோவிந்த்காட்டிலிருந்து புல்னா வரை ஜீப் போகும். அங்கிருந்து சுமார் 10 கிலோமீட்டர் நடை, முடியாதவர்களுக்குக் குதிரை உண்டு. பள்ளத்தாக்கினுள் இரவு தங்க அனுமதி கிடையாது. காலையில் போய் மாலைக்குள் காங்கரியாவுக்கு இறங்கிவிட வேண்டும். போன வருஷம் இதைவிடக் கஷ்டமான இடத்துக்குப் பணம் கட்டி அனுப்பிய மகனுக்கு, இந்த வருஷம் மட்டும் அம்மாவின் முழங்கால் எப்படி ஞாபகம் வந்தது?

காங்கரியாவைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று ஹேம்குண்ட் சாஹிப் குருத்வாராவுக்கு ஏறுகிறது. அது 4,000 மீட்டருக்கும் மேலே, நல்ல செங்குத்து. அதில் சீக்கியப் பாட்டிகள் கோலை ஊன்றிக்கொண்டு வருஷாவருஷம் ஏறுகிறார்கள். அவர்களைப் பார்த்துக் கும்பிடுகிறோம். மற்றப் பாதை பள்ளத்தாக்குக்குப் போகிறது. அது இதைவிடச் சுலபம். அதில் ஒரு பாட்டி போனால் 'இந்த வயசுல என்ன கொழுப்பு' என்கிறோம். மலையும் மழையும் இரண்டு பாதைக்கும் ஒன்றுதான். ஒன்றில் சாமி இருக்கிறது, மற்றதில் வெறும் சந்தோஷம் இருக்கிறது. நமக்கு உறுத்துவது அந்தச் சந்தோஷம்தான்.

இரண்டாவது, காலம் கெட்டுக் கிடக்கிறது என்பது. ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1939-ல் ஜோன் மார்கரெட் லெக் என்ற ஆங்கிலேயப் பெண் இதே பள்ளத்தாக்குக்குச் செடிகள் சேகரிக்க வந்தார். பாறைச் சரிவில் வழுக்கி விழுந்து இறந்தார். அவருடைய நினைவுக்கல் இன்றும் அங்கே பூக்களுக்கு நடுவில் இருக்கிறது. அவரைக் கொன்றது சரிவு. ஆண்பிள்ளை கால் வைத்திருந்தாலும் அது வழுக்கியிருக்கும். பெண் என்பதற்காகவே வருகிற தொல்லைகளும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தொல்லை பஸ் ஸ்டாண்டிலும் இருக்கிறது, ஆபீசிலும் இருந்தது. அதற்காக யாரும் எங்களை வேலைக்குப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை, சம்பளம் வந்ததல்லவா!

மூன்றாவது, அந்த நாலு பேர். நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளி. அந்த மொழியில் 'அவாந்த்யூரியே' என்றால் சாகசக்காரன். அதையே பெண்பாலில் 'அவாந்த்யூரியேர்' என்று சொன்னால், ஆளை வளைத்துப் போடுகிறவள், நடத்தை சரியில்லாதவள் என்று ஒரு பொருள் சேர்ந்துகொள்கிறது. நாம் மட்டும் என்ன ஒசத்தி? ஊர் சுற்றிய ஆணை 'உலகம் பார்த்தவர்' என்கிறோம். பெண்ணை 'ஊர்சுற்றி' என்று சொல்லிப் பாருங்கள், அர்த்தம் எங்கே போய் நிற்கிறது என்று தெரியும்.

ஆபீசிலும் இதே கதைதான். பல வருஷம் எல்.டி.சி. பைல்களைப் பார்த்தவள் நான். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை சொந்த ஊர், நாலு வருஷ பிளாக்கில் ஒரு தடவை இந்தியாவில் எந்த ஊர் வேண்டுமானாலும். ஊழியர் குடும்பத்தோடும் போகலாம், தனியாகவும் போகலாம் என்பதுதான் விதி. ஆனாலும் தனியாகப் போகிறேன் என்று ஒரு பெண் எழுதிக் கொடுத்தால் பைல் மேலே போய்விட்டு, 'கணவர் ஏன் செல்லவில்லை?' என்ற கேள்வியோடு இறங்கி வரும். ஆண் ஊழியரின் பைலில் 'மனைவி ஏன் செல்லவில்லை?' என்ற குறிப்பை நான் ஒரு நாளும் கண்டதில்லை. கேள்விக்குப் பயந்தே பல பெண்கள் பிளாக்கைக் காலாவதியாக விட்டார்கள். அவர்களில் பலர் இன்றைக்கு உயிரோடு இல்லை.

இதெல்லாம் நம் ஊருக்குப் புதிது என்று யாரும் சொல்ல வேண்டாம். 1911-ல் அலெக்ஸாந்திரா டேவிட்-நீல் என்ற பிரெஞ்சுப் பெண்மணி புதுச்சேரிக்கு வந்தார். அப்போது இங்கே தங்கியிருந்த ஸ்ரீ அரவிந்தரைச் சந்தித்தார். கணவர் துனிஸ் நகரத்தில் இருந்தார். ஒன்றரை வருஷத்தில் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பியவர், ஐரோப்பாவுக்குத் திரும்பியபோது 14 வருஷம் ஆகியிருந்தது. 1924-ல், தம் 55-வது வயதில், பிச்சை எடுக்கும் யாத்ரீகக் கிழவியாக வேஷம் போட்டு, வெளிநாட்டாருக்குத் தடை செய்யப்பட்டிருந்த லாசாவுக்கு நடந்தே போனார். கூட வந்தவர் யோங்டென் என்ற சிக்கிம் இளைஞர். அவரைத்தான் பிற்பாடு மகனாகத் தத்தெடுத்துக்கொண்டார். இங்கே மகன்கள் கவனிக்க வேண்டும்: அந்த மகன் தடுக்கவில்லை, கூடவே நடந்தான். நூறாவது வயதில் அந்த அம்மாள் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துக்கொண்டார். 1969-ல் காலமானார்.

வெள்ளைக்காரிக்கு எல்லாம் முடியும் என்பீர்கள். 2022-ல் பச்சேந்திரி பால் தலைமையில் 50 வயது தாண்டிய இந்தியப் பெண்கள் அருணாசலப் பிரதேசத்தில் கிளம்பி, இமயமலையை ஒட்டியே கார்கில் பகுதி வரை கிட்டத்தட்ட 5,000 கிலோமீட்டர் போனார்கள். ஏறக்குறைய ஐந்து மாதம். அதில் இல்லத்தரசிகளும் இருந்தார்கள், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களும் இருந்தார்கள்.

'ஜாக்கிரதை' என்பது அறிவுரை இல்லை. அதைச் சொல்ல எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. உபயோகமாகச் சொல்ல வேண்டுமென்றால் இப்படிச் சொல்லுங்கள்.

பூ நிறையப் பூப்பது ஜூலை பாதியிலிருந்து ஆகஸ்ட் வரை. அதுதான் மழைக்காலமும். மலைச்சாலையில் மண் சரியும். ஆகவே திரும்பும் டிக்கெட்டுக்கு முன்னால் இரண்டு நாளாவது சும்மா விட்டு வை. இருட்டின பிறகு மலைப்பாதையில் வண்டி ஏறாதே.

ரிஷிகேஷிலிருந்து ஒரே மூச்சில் மேலே போகாதே. ஜோஷிமட்டில் ஓர் இரவாவது தங்கு. 2,500 மீட்டருக்கு மேலே யாருக்கு வேண்டுமானாலும் மலைநோய் வரலாம். தலைவலியும் வாந்தியும் வந்தால் அதற்கு மேல் ஏறாதே. குறையவில்லை என்றால் இறங்கிவிடு. புறப்படும் முன் டாக்டரிடம் ரத்த அழுத்தமும் இதயமும் பார்த்துக்கொள்.

தண்ணீர் குடி. இதை எந்த ஆணும் சொல்ல மாட்டான். கழிப்பறை இருக்காதே என்று நம் பெண்கள் காலையிலிருந்து தொண்டையை நனைக்காமல் பயணம் செய்கிறார்கள். சிறுநீர்த் தொற்றோடு வீடு திரும்புகிறார்கள். நான் பார்த்த வரையில் பயணத்தில் பெண்களை அதிகம் படுத்தியது திருடன் இல்லை, இதுதான். தங்கும் இடத்திலும் சாப்பிடும் இடத்திலும் கழிப்பறையைக் கேட்டுப் போ, வெட்கப்படாதே. ஒரு சிறிய குடை, ஒரு பழைய பாவாடை, காகிதம், ஒரு பை கூடவே இருக்கட்டும்.

பாதம் பிடிமானமுள்ள ஷூ வாங்கி, ஒரு மாதம் இங்கேயே போட்டு நடந்து பழக்கு. புது ஷூவோடு மலைக்குப் போகாதே. கையில் ரொக்கம் வைத்துக்கொள்.

ரயிலில், 45 வயதான பெண்களுக்குக் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு உண்டு. தனியாகவோ இன்னொருவரோடு இரண்டு பேராகவோ போகிறவர்களுக்குத்தான் அது. ரயில்வேக்கே தெரிந்திருக்கிறது, பெண் தனியாக வருவாள் என்று! (58 வயதிலிருந்து பெண்களுக்குத் தந்துவந்த பாதிக் கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தினார்களே, இன்னும் திருப்பித் தரவில்லை. அதைப் பற்றித் தனியாகத் திட்டி எழுத வேண்டும்.) ரயிலில் தொல்லை என்றால் 139, மற்ற இடத்தில் 112. அறை பிடிக்கும்போதே 'நான் தனியாக வரும் பெண், அறை தருவீர்களா' என்று போனில் கேட்டு உறுதி செய்துகொள். ராத்திரியில் வாசலில் நின்று வாதாட வேண்டாம்.

தினமும் ஒரே ஆளுக்கு, ஒரே நேரத்தில் தகவல் சொல். மலையில் சிக்னல் போய்விடும், ஒரு நாள் தகவல் வராவிட்டால் பதறக் கூடாது என்று அந்த ஆளிடம் முன்கூட்டியே சொல்லி வை.

எடுத்த எடுப்பில் இமயமலை பயமாக இருந்தால் ஏற்காட்டுக்கோ திருவண்ணாமலைக்கோ தனியாகப் போய் இரண்டு ராத்திரி தங்கிவிட்டு வா. ஓட்டலில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து சாப்பிடும் கூச்சம் அங்கேயே போய்விடும்.

இவ்வளவும் சொல்லத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தெரியாதவர்கள் பெட்டியைத் தூக்கிக் கொண்டுபோய் ஸ்டேஷனில் வைத்துவிட்டு வாருங்கள், அதுவும் உதவிதான். 35 வருஷம் ஆபீசையும் வீட்டையும் கணக்குத் தப்பாமல் நடத்திய ஒருத்தி, தன் பென்ஷனில் தான் போகிறேன் என்று சொன்னால், 'எதுக்கு?' என்று கேட்க நமக்கு உரிமை இல்லை. 'எந்தத் தேதி?' என்று மட்டும் கேளுங்கள்.