ஊர்க் கதையை யார் எழுதுவது?

இணையத்தில் தமிழில் என்ன இருக்கிறது என்று அலுத்துக்கொள்வது படித்தவர்களின் லட்சணமாகிவிட்டது. போன வாரம் வந்த நண்பரும் அலுத்துக்கொண்டார். "சினிமா வம்பும் ராசி பலனும்தானே ஸார்?" என்றார். நான் மறுக்கவில்லை. "நீங்கள் என்ன எழுதி வைத்தீர்கள்?" என்று மட்டும் கேட்டேன். காப்பி ஆறிற்று, பதில் வரவில்லை.

எழுதி வைத்தவர்கள் இல்லாமல் இல்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல தேசங்களில் இருந்த தமிழர்கள் சம்பளமில்லாமல் பழைய நூல்களைத் தட்டெழுதி ஏற்றினார்கள். 2003-ல் பிறந்த தமிழ் விக்கிப்பீடியாவில் இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள். 1981-ல் யாழ்ப்பாண நூலகம் எரிந்து ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. ஈழத்துத் தமிழர்கள் 2005-ல் 'நூலகம்' திட்டத்தைத் தொடங்கி, பள்ளிக்கூட மலர், கோயில் மலர் உட்பட அகப்பட்டதையெல்லாம் சேர்த்து வைக்கிறார்கள். பறிகொடுத்தவனுக்குத்தான் பண்டத்தின் அருமை தெரிகிறது.

நமக்கு எதுவும் எரியவில்லை. ஆகையால் தூங்குகிறோம்.

"சங்க இலக்கியம்தான் ஏறிவிட்டதே, இன்னும் என்ன?" என்பார்கள். சங்க இலக்கியம் பிழைத்துக்கொண்டது, வாஸ்தவம். மாடு பூட்டிக் கமலை இறைத்தவர்களின் பேச்சு பிழைக்குமா? அவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். வடம் எது, வால்கயிறு எது என்று நாளைக்கு யாரைக் கேட்பது?

"எழுத எனக்கு என்ன யோக்கியதை?" என்று சிலர் ஒதுங்குகிறார்கள். கரிசல் காட்டுச் சொற்களுக்கு அகராதி செய்த கி. ராஜநாராயணன் கல்லூரியில் படித்தவர் அல்லர். பிற்பாடு புதுவைப் பல்கலைக்கழகமே அவரைப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. யோக்கியதை ஊரைக் கவனித்ததில் இருந்தது.

இப்போது இன்னோர் ஆபத்தும் சேர்ந்திருக்கிறது. கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவு, பெரும்பாலும் இணையத்தில் இருப்பதைப் படித்துத்தான் கற்றுக்கொள்கிறது. நம் ஊர் ஏரியைப் பற்றி ஒருவரும் எழுதாவிட்டால், பல சமயம் அது கூசாமல் கற்பனை செய்து சொல்லிவிடுகிறது. கதை கட்டுவது என் பிழைப்பு. போட்டிக்கு ஆள் வந்த பொறாமையில் சொல்லவில்லை. என் கதையைக் கதையென்று தெரிந்து படிக்கிறீர்கள். அதன் கதையை உங்கள் பேரன் சரித்திரமென்று நம்புவான்.

நண்பர் புறப்படும்போது, "உங்கள் ஊர் வாய்க்காலுக்கு என்ன பெயர்?" என்று கேட்டேன். விழித்தார். "அம்மாவைத்தான் கேட்க வேண்டும்" என்றார். அம்மாவுக்கு எண்பத்துநாலு வயது.

"இன்றைக்கே கேளுங்கள், கேட்டதை இன்றைக்கே எழுதுங்கள்" என்றேன்.

உங்களுக்கும் அதையேதான் சொல்கிறேன்.