கர்ப்ப காலத்தில் பல்வலி... தள்ளிப்போட்டா பர்ஸும் வலிக்கும்!

திருத்தணியில் நீங்க கர்ப்பிணியா? அரசு மருத்துவமனையில் பிரசவம் இலவசம். தகுதி இருந்தா, முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 14,000 ரூபாய் பணமும், 4,000 ரூபாய்க்கு ஊட்டச்சத்துப் பெட்டகமும் உண்டு. ஆனா அந்தத் தவணைகளுக்கான நிபந்தனையில் தடுப்பூசி இருக்கு. பல் பரிசோதனை இல்லை.

ஹார்மோன் மாற்றத்தால ஈறு வீங்கி ரத்தம் கசியறது இந்த நேரத்தில் சகஜம். "குழந்தை பிறக்கட்டும், பார்த்துக்கலாம்"னு வீட்ல சொல்வாங்க. செலவு அங்கதான் ஏறுது. சொத்தையை அடைச்சு முடிக்க வேண்டியது, வேர் சிகிச்சை, கேப்னு தனியார் கிளினிக்ல ஆயிரக்கணக்கில் போய் நிக்கும். மரத்துப்போற ஊசி போட்டு இப்பவே அடைக்கலாம், தேவைப்பட்டா பிடுங்கலாம். நாலு முதல் ஆறு மாசம் வசதியான காலம். கர்ப்பம்னு பல் டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லிடுங்க.

இங்கிலாந்தில் கர்ப்பிணிக்கும், பிரசவத்துக்குப் பின் 12 மாசம் வரையும் அரசு பல் சிகிச்சை இலவசம். நமக்கு, சென்னைக் கோட்டை ரயில் நிலையம் பக்கத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கு. கட்டணம் குறைவுதான். ஆனா வேர் சிகிச்சைக்குப் பல தடவை போகணும். ஏழு மாச வயித்தோட மின்சார ரயில்ல ஒவ்வொரு தடவையும் போக ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரமா?

மாசா மாசம் 9-ம் தேதி கர்ப்பிணிகளுக்கு அரசு மருத்துவமனைகளில் இலவசப் பரிசோதனை நடக்குது. அடுத்த முறை போறப்போ, பல் பிரிவுக்கும் ஒரு சீட்டு கேட்டு வாங்குங்க.