மரத்துப் பாகும் வீட்டுக்காரரின் சுகரும்

கனடாவில் கியூபெக் மாகாணத்துக்காரர்களுக்கு மார்ச் பிறந்துவிட்டால் வீட்டில் இருப்புக் கொள்ளாது. குழந்தை குட்டிகளோடு காரில் ஏறி, மேப்பிள் தோப்புக்குள் இருக்கும் 'சர்க்கரைக் குடில்'களுக்குச் சாப்பிடப் போய்விடுவார்கள். மான்ட்ரியலில் மகள் வீட்டுக்குப் போயிருந்த எங்களையும் அழைத்துப் போனார்கள். அந்தக் கதையைத்தான் இந்த முறை சொல்லப் போகிறேன், சகோதரிகளே!

இரவில் உறைபனி, பகலில் இளவெயில் என்று மாறி மாறி வந்தால்தான் மேப்பிள் மரம் நீர் விடும். சுமார் 40 வயதான மரத்தில் சின்னத் துளை போட்டுக் குழாய் செருகி வைக்கிறார்கள். சொட்டுவது பச்சைத் தண்ணீர் மாதிரிதான் இருக்கிறது. வாயில் விட்டால் இனிப்பு உண்டா இல்லையா என்றே சந்தேகம்! நம் பதநீரின் இனிப்பில் கால்வாசிகூடத் தேறாது. 40 லிட்டரைக் காய்ச்சினால் கிடைப்பது ஒரு லிட்டர் பாகு. கருப்பட்டி காய்ச்சுகிற வீட்டுப் பெண்களுக்கு இந்தக் கஷ்டம் சொல்லாமலே புரியும். ஐரோப்பியர் அங்கே கால் வைப்பதற்கு முன்பே பூர்வகுடி மக்களுக்குத் தெரிந்திருந்த வித்தை இது.

சாப்பாடு நீள மேஜையில். பட்டாணி சூப், வேகவைத்த பீன்ஸ் பயறு, உப்பலான ஆம்லெட், பன்றி இறைச்சி, வறுவல், ஊறுகாய் எல்லாம் வரும். எல்லாவற்றின் மேலும் பாகை ஊற்றிக் கொள்கிறார்கள், ஆம்லெட் மேலும்தான்! சைவக்காரர்கள் ஜாக்கிரதை. சூப்பிலும் பயறிலும்கூடப் பன்றி இறைச்சி சேர்ப்பது வழக்கம். இடம் பதிவு செய்யும்போதே கேட்டுவிட்டால் சில குடில்களில் தனியாகச் செய்து தருகிறார்கள். மகள் சொல்லி வைத்திருந்ததால் நாங்கள் தப்பினோம்.

கடைசியில் வந்த புட்டிங்குக்கு 'வேலையில்லாதவன் புட்டிங்' என்று பெயர். 1929-ல் தொடங்கிய பஞ்ச காலத்தில், மாவும் இனிப்பும் மட்டும் வைத்துப் பெண்கள் ஒப்பேற்றிய பதார்த்தமாம். இல்லாத வீட்டில் பிறந்த பலகாரத்துக்கு எப்போதுமே ஒரு ருசி உண்டு!

வெளியே வந்தால் குழந்தைகள் கூட்டம். கொதிக்கும் பாகைச் சுத்தமான பனிமேல் நீளமாக ஊற்றுகிறார்கள். அது இறுகியதும் குச்சியில் சுருட்டிச் சப்ப வேண்டியதுதான். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதிரசத்துக்குக் கிண்ணத்துத் தண்ணீரில் பாகை விட்டு உருட்டிப் பார்க்கிறோமே, அதே பதம்! நமக்குக் கிண்ணத்துத் தண்ணீர், அவர்களுக்குக் காடு முழுக்கப் பனி.

அப்போதுதான் மாப்பிள்ளை இவரிடம் ஒரு குச்சியை நீட்டினார். "சாப்பிடுங்க மாமா, மரத்திலேர்ந்து வர்ற இயற்கைச் சர்க்கரை, சுகருக்கு ஒண்ணும் செய்யாது" என்றார். இவருக்கோ பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை வியாதி. கண்கள் என்னைப் பார்த்தன. "ஒரு கடி கடிச்சுட்டு மீதியைப் பேரன்கிட்ட குடுங்க" என்று சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை முகம் கொஞ்சம் சுண்டித்தான் போயிற்று. என்ன செய்வது? மேப்பிள் பாகில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை, அதுவும் பெரும்பாலும் நம் சீனியில் இருக்கிற அதே சர்க்கரைதான். ஒரு மேஜைக்கரண்டி பாகு என்றால் மூன்று டீஸ்பூன் சீனி என்று கணக்கு வைத்துக் கொள்ளுங்கள். மாங்கனீஸ் போன்ற சத்துகள் இருப்பது வாஸ்தவம். அதற்காகச் சர்க்கரை சர்க்கரை இல்லாமல் போய்விடுமா? தேன், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை என்று சொல்லிச் சர்க்கரை நோயாளிக்குத் தாராளமாகக் கொடுக்கிறோமே, அதுவும் இதே கதைதான். இரண்டு வயது ஆகாத குழந்தைக்கும் இந்த இனிப்பெல்லாம் வேண்டாம்.

யாராவது அங்கிருந்து புட்டி கொண்டு வந்து கொடுத்தால் லேபிளைப் படியுங்கள். மேப்பிள் பாகு என்ற ஒன்றைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது. சோளப் பாகில் வாசனை சேர்த்த போலிகள் நிறைய உண்டு. கியூபெக்கில் அதைக் 'கம்பத்துப் பாகு' என்று கிண்டல் செய்கிறார்கள். அதாவது தந்திக் கம்பத்திலிருந்து இறக்கியதாம்! திறந்த புட்டியை ஃபிரிட்ஜில் வையுங்கள், வெளியே வைத்தால் பூசணம் பிடித்துவிடும்.