இருபது வருடம் கழித்து ஒரு திருத்தம்!



கஷ்டப்பட்டு ஒரு கட்டுரை எழுதி, வகுப்பு ஆசிரியையிடம் நீட்டுகிறீர்கள். அவர் படித்துப் பார்த்துவிட்டு, "நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், ரொம்ப நீளம். பாதியாகச் சுருக்கி எழுதிக்கொண்டு வா!" என்கிறார். உங்களுக்கு எப்படி இருக்கும்? முகம் சுண்டிப் போகும், இல்லையா? 'ராத்திரி கண் விழித்து நாலு பக்கம் எழுதினேனே... இதில் எந்த வரியை வெட்டுவது?' என்று மனசுக்குள் புலம்புவீர்கள்.

ஜப்பானில் ஒரு பெரிய கார்ட்டூன் நிறுவனம், யாரும் 'திருத்திக்கொண்டு வா' என்று சொல்லாமலே இந்த வேலையைச் செய்தது. அதுவும் நாலு பக்கக் கட்டுரைக்கு அல்ல. உலகம் முழுக்கக் குழந்தைகள் ரசித்துப் பார்த்த, 291 எபிசோடுகள் கொண்ட ஒரு தொடருக்கு! அதைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களோடு பேசப் போகிறேன்.

கோகுவைத் தெரியாதவர்கள் உங்களில் குறைவாகத்தான் இருப்பீர்கள். முள்முள்ளாக நிற்கும் தலைமுடி, ஆரஞ்சு நிற உடை, பசி வந்தால் பத்துப் பேர் சாப்பாட்டை ஒரே ஆளாகத் தின்று தீர்க்கும் வயிறு... அவனேதான்! 'டிராகன் பால்' கதாநாயகன்.

அகிரா தோரியாமா என்ற ஓவியர், 1984-ல் ஒரு ஜப்பானிய வார இதழில் இந்தப் படக்கதையைத் தொடங்கினார். சீனாவின் பழைய குரங்கு ராஜா கதைதான் அவருக்குப் பொறி தட்டியது. அதனால்தான் சின்ன வயது கோகுவுக்கு வால் இருக்கிறது. நீளும் கம்பு வைத்திருக்கிறான். மேகத்தில் ஏறிப் பறக்கிறான். 1995 வரை 519 அத்தியாயங்கள் வரைந்தார் தோரியாமா. தொகுத்தபோது 42 புத்தகங்கள்! 2024-ல் தன் 68-வது வயதில் அவர் காலமானபோது, பல நாடுகளில் அந்தக் காலத்துக் குழந்தைகள் - இப்போது அப்பா, அம்மாக்கள் - கண் கலங்கினார்கள்.

இந்தப் படக்கதையை டோயி அனிமேஷன் என்ற நிறுவனம் 1986-ல் டிவி தொடராக்கியது. கோகு பெரியவனாகி, கல்யாணம் ஆகி, கோஹான் என்ற மகனுக்கு அப்பா ஆன பிறகு நடக்கும் கதைதான் 'டிராகன் பால் இசட்'. 1989 ஏப்ரலில் தொடங்கி 1996 ஜனவரியில் முடிந்தது.

வெறும் சண்டைக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். பிக்கோலோ என்று ஒருவன். கோகுவின் பரம எதிரி. அவனே கோகுவின் நாலு வயது மகனைத் தூக்கிக்கொண்டு போய், காட்டில் விட்டு, கண்டிப்பாகப் பயிற்சி கொடுக்கிறான். உலகைக் காக்க ஆள் வேண்டும் என்பதற்காக! அழுமூஞ்சியாக இருந்த பையன் மெல்ல மெல்லத் தேறுகிறான். கடைசியில், அந்தச் சிறுவன் மேல் பாய்ந்து வரும் தாக்குதலைத் தன் உடம்பில் வாங்கிக்கொண்டு சாய்கிறான் பிக்கோலோ. எதிரி, குருவாகி, உயிரையே கொடுத்துவிட்டான். இந்த இடத்தில் அழாத குழந்தை உண்டா என்ன?

இத்தனை நல்ல கதையில் ஒரே ஒரு குறை. அது... இழுவை!

இரண்டு வீரர்கள் எதிரெதிரே நிற்பார்கள். முறைப்பார்கள். காற்று வீசும். கூழாங்கல் உருளும். தூரத்தில் நிற்கும் நண்பர்களின் முகத்தை ஒவ்வொன்றாகக் காட்டுவார்கள். மறுபடியும் முறைப்பார்கள். அதற்குள் 'தொடரும்' போட்டுவிடுவார்கள்!

பிரீசா என்ற கொடியவன், "இந்தக் கிரகம் இன்னும் 5 நிமிடத்தில் வெடித்துவிடும்" என்று சொல்வான். அந்த 5 நிமிடம் எத்தனை எபிசோடு ஓடியது தெரியுமா? கிட்டத்தட்ட பத்து! வாரம் ஒரு எபிசோடு என்றால், கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள். டிராகன் பால் ரசிகர்கள் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

ஏன் இப்படி? எடுத்தவர்களுக்குத் திறமை இல்லையா? அவசரப்பட்டு அப்படிச் சொல்லிவிடாதீர்கள். காரணத்தைக் கேளுங்கள்.

தோரியாமா ஒரு வாரத்தில் வரைவது ஏறக்குறைய 15 பக்கங்கள்தான். அதை நீங்கள் ஐந்து நிமிடத்தில் படித்து முடித்துவிடுவீர்கள். டிவிக்காரர்களோ வாராவாரம் அரை மணி நேர நிகழ்ச்சியை நிரப்ப வேண்டும். படக்கதை முன்னால் நடக்க, டிவி தொடர் பின்னாலேயே துரத்திக்கொண்டு வந்தது. வேகமாக ஓடினால் முட்டிக்கொள்ளும். அடுத்து என்ன நடக்கும் என்பது ஓவியருக்கே அப்போது தெரியாது! அதனால்தான் முறைப்பு, முன்கதைச் சுருக்கம், நடுநடுவே புதிதாகச் சேர்த்த கிளைக் கதைகள் என்று நேரத்தை ஓட்டினார்கள். சோம்பல் அல்ல, கட்டாயம்!

ஆண்டுகள் ஓடின. 'இசட்' தொடருக்கு 20 வயது ஆனது. இப்போது படக்கதை முழுதாக முடிந்து, கையில் இருக்கிறது. யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. 'அன்றைக்கு நேரம் இல்லாமல் செய்ததை, இன்றைக்குச் சரியாகச் செய்வோம்' என்று உட்கார்ந்தது அந்த நிறுவனம். 2009 ஏப்ரலில், ஞாயிறு காலை 9 மணிக்கு ஜப்பான் குழந்தைகள் முன்னால் வந்தது, 'டிராகன் பால் காய்'. 'காய்' என்றதும் கத்தரிக்காய் நினைவுக்கு வருகிறதா? ஜப்பானிய மொழியில் அதற்குத் 'திருத்தப்பட்டது' என்று பொருள்!

எப்படித் திருத்தினார்கள்? சும்மா கத்தரிக்கோலை எடுத்துக் கண்டபடி வெட்டவில்லை. ஓர் அளவுகோல் வைத்துக்கொண்டார்கள். அது, தோரியாமாவின் படக்கதை. அதில் இருப்பது இருக்கட்டும். நேரம் போக்கச் சேர்த்ததைப் பெரும்பாலும் எடுத்துவிடுவோம் என்று முடிவு செய்தார்கள். பழைய தொடரின் முதல் 194 எபிசோடுகள், புதியதில் 98 ஆகச் சுருங்கின. மிச்சக் கதையும் 2014, 2015-ம் ஆண்டுகளில் வந்தது. ஜப்பானில் மொத்தம் 159 எபிசோடுகள். பழைய 291 எங்கே, இந்த 159 எங்கே!

கோகு ஒருவனும் குறையவில்லை. பிக்கோலோவின் தியாகம் குறையவில்லை. பிரீசாவின் கொடுமை குறையவில்லை. குறைந்தது காத்திருப்பு மட்டும்தான்.

வெட்டுவதோடு வேலை முடிந்துவிடவில்லை. அந்தக் காலத்தில் ஒவ்வொரு படத்தையும் கையால் வரைந்து, கண்ணாடி போன்ற தாளில் வண்ணம் தீட்டி, பிலிம் சுருளில் படம் பிடித்தார்கள். இருபது வருடத்தில் பிலிமில் கீறல் விழும், தூசி ஒட்டும், நிறம் மங்கும். அதையெல்லாம் கணினியில் ஏற்றி, சுத்தம் செய்து, நிறத்தைச் சரிசெய்தார்கள். சரிசெய்ய முடியாத சில படங்களைத் திரும்ப வரைந்தார்கள்.

படத்தை நடுவில் வெட்டினால், பின்னால் ஓடும் பேச்சும் இசையும் அறுந்துபோகும் அல்லவா? அதனால் வசனங்களை மறுபடி பேசிப் பதிவு செய்தார்கள். இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வருகிறது. கோகுவுக்குக் குரல் கொடுப்பவர் ஓர் ஆண் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை, மசாக்கோ நொசாவா என்ற பெண்மணி! 1936-ல் பிறந்தவர். 1986 முதல் கோகு அவர்தான். கோகுவின் மகன் கோஹானும் அவர்தான். அப்பாவும் மகனும் பேசிக்கொள்ளும் காட்சியில், இரண்டு குரலும் ஒரே தொண்டையில் இருந்து வருகிறது!

'காய்' தொடங்கியபோது அவருக்கு வயது 72. 'அதான் ஒருமுறை பேசிவிட்டேனே' என்று அவர் சொல்லவில்லை. மறுபடி மைக் முன்னால் நின்று, அதே கோகுவாகக் கத்தினார், சிரித்தார், அழுதார். நமக்கோ, எழுதிய வீட்டுப்பாடத்தை இன்னொரு தடவை எழுதச் சொன்னாலே கை வலிக்கிறது!

எல்லாமே நல்லபடியாக நடந்ததா? இல்லை செல்லங்களே. உண்மையைச் சொல்ல வேண்டும்.

புதிய தொடருக்குப் புதிய பின்னணி இசை அமைத்திருந்தார்கள். 2011 மார்ச்சில், அந்த இசையின் சில பகுதிகள் பிறருடைய உரிமையை மீறியிருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்திருப்பதாக, தயாரித்த நிறுவனமே அறிவித்தது. புதிய இசை நீக்கப்பட்டது. பழைய 'இசட்' தொடரின் இசையே திரும்பி வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தது! ஒரு வேலையை மெருகேற்றலாம், தப்பில்லை. ஆனால், அடுத்தவர் வீட்டுப் பாலீஷைக் கேட்காமல் எடுத்துப் போட்டால், அந்தப் பளபளப்பு நிலைக்காது. பக்கத்துப் பெஞ்சு நோட்டை எட்டிப் பார்ப்பவர்கள் இந்த இடத்தை இன்னொரு முறை படியுங்கள்!

இன்னொரு இழப்பும் உண்டு. பழைய தொடரில் ஓர் எபிசோடு. கோகுவும் பிக்கோலோவும் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, லைசென்ஸ் வாங்கப் போவார்கள். நினைத்தால் வானத்தில் பறக்கிற இரண்டு மாவீரர்கள், ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு திருதிருவென விழிப்பார்கள். வயிறு வலிக்கச் சிரிக்கலாம்! ஆனால், அது தோரியாமாவின் படக்கதையில் இல்லை. டிவிக்காரர்கள் சேர்த்தது. அளவுகோலின்படி, 'காய்' தொடரில் அதற்கு இடம் இல்லாமல் போனது.

கதைக்கு அது தேவையா? தேவையில்லைதான். ஆனால், பார்த்தவர்கள் மனதில் அது ஒட்டிக்கொண்டு விட்டதே! இன்றைக்கும் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதம் செய்கிறார்கள். 'விறுவிறுப்பாக இருக்கிறது, காய்தான் உசத்தி' என்று ஒரு கட்சி. 'வளவளவென்று இருந்தாலும் எங்கள் பழைய இசட்தான் உசத்தி' என்று இன்னொரு கட்சி.

என்னைக் கேட்டால், இரண்டு பேரும் சண்டை போட வேண்டியதே இல்லை. ஏனென்றால், புதியதைச் செய்தவர்கள் பழையதை அழித்துவிடவில்லை. 291 எபிசோடுகளும் பத்திரமாக இருக்கின்றன. கார் ஓட்டும் கோகுவைப் பார்க்க விரும்புகிறவர்கள் அங்கே போய்ப் பார்க்கலாம். அவசரக்காரர்கள் இங்கே வரலாம்.

இப்போது, உங்கள் கட்டுரைக்கு வருவோம். எதையும் எழுதி முடித்தவுடன், 'அப்பாடா, முடிந்தது' என்று மூடி வைத்துவிடாதீர்கள். இரண்டு நாள் கழித்து எடுத்து, வாய்விட்டுப் படியுங்கள். எந்த இடத்தில் உங்களுக்கே கொட்டாவி வருகிறதோ, அங்கே இரண்டு வீரர்கள் சும்மா முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று அர்த்தம்! கேள்வி என்ன கேட்டிருக்கிறது என்று பாருங்கள். அதுதான் உங்கள் அளவுகோல். பக்கத்தை நிரப்ப எழுதிய வரியை எடுத்துவிடுங்கள். மனசில் இருந்து வந்த வரியை யார் சொன்னாலும் விட்டுவிடாதீர்கள். முதலில் எழுதிய தாளைக் கிழித்துப் போடவும் வேண்டாம். அதில் உங்கள் 'கார் ஓட்டும் கோகு' ஒளிந்திருக்கலாம். வேறொரு நாள், வேறொரு கதைக்கு உதவும்.

பாட்டி வீட்டு முருங்கை மரத்தைக் கவனித்திருக்கிறீர்களா? காய்த்து ஓய்ந்ததும் கிளைகளை ஒடித்துவிடுவார்கள். பார்க்கப் பாவமாக, மொட்டையாக நிற்கும். கொஞ்ச நாளில் குபுகுபுவென்று துளிர்த்து, முன்பைவிட அதிகமாகக் காய்க்கும். மரத்தின் மேல் உள்ள கோபத்திலா ஒடித்தார்கள்? இல்லையே!

உங்கள் எழுத்தில் ஆசிரியை சிவப்பு மையால் கோடு போடும்போது, அந்த முருங்கையை நினைத்துக் கொள்ளுங்கள். 72 வயதில் மறுபடி மைக் முன் நின்ற அந்தப் பாட்டியையும் நினைத்துக் கொள்ளுங்கள். உலகப் புகழ் பெற்றவர்களே, 'எங்கள் வேலையில் திருத்த வேண்டியது இருக்கிறது' என்று இருபது வருடம் கழித்து ஒப்புக்கொண்டு உட்கார்ந்தார்கள். நாம் இருபது நிமிடம் உட்காரக் கூடாதா?

எங்கே... அந்த நாலு பக்கக் கட்டுரையை எடுங்கள், பார்க்கலாம்!

அன்புடன்,
ஆசிரியர்.