பெஞ்சில் இருக்கும் எறும்புகள்

எறும்பைச் சாட்சிக்கு இழுக்கிற பழக்கத்தை நம் ஐடி கம்பெனிகள் எப்போது விடும்? டவுன்ஹால் கூட்டம், அதில் ஒரு ஸ்லைடு, இலைத் துண்டுகளைத் தூக்கிப் போகும் எறும்பு வரிசை. (அந்த இலைவெட்டி எறும்பு அமெரிக்கக் கண்டங்களைத் தவிர வேறெங்கும் கிடையாது. போகட்டும்.) "பாருங்கள், ஒன்றாவது சும்மா இருக்கிறதா?" அடுத்த ஸ்லைடில் யூட்டிலைசேஷன் சதவீதம். பிறகு பெஞ்சில் இருப்பவர்களின் பட்டியல்.

ஒன்று இல்லை சார், கிட்டத்தட்ட பாதி சும்மாதான் இருக்கிறது.

அரிசோனா பல்கலைக்கழகத்தின் டேனியல் ஷார்போனோவும் ஆனா டோர்ன்ஹவுஸும் டெம்னோதோராக்ஸ் என்ற குட்டி எறும்புகளுக்கு வண்ணப் பொட்டு வைத்து, ஒவ்வொன்றையும் வீடியோவில் கவனித்தார்கள். சுமார் 40 சதவீத வேலைக்கார எறும்புகள் பெரும்பாலும் அசையாமல் நின்றன. முறை வைத்து ஓய்வெடுக்கின்றன என்றும் சொல்ல முடியாது. சும்மா நிற்பவை திரும்பத் திரும்ப அதே எறும்புகள்தான். 2017இல் வெளியான ஆய்வில், அதிகம் உழைக்கிற 20 சதவீதத்தைக் கூட்டிலிருந்து எடுத்தார்கள். ஒரே வாரத்தில் அந்த இடத்தை நிரப்பியவை பெரும்பாலும் இந்தச் சோம்பேறிகள். சோம்பேறிகளை எடுத்தபோதோ, அவற்றின் இடத்துக்கு எதுவும் வரவில்லை.

"அப்போ அவங்க இல்லாமலும் ஓடுதே, தூக்கிடலாமே" என்பார் மேனேஜர். ஓடும். உழைக்கிற எறும்பு சாகும் நாள்வரை ஓடும். அன்று இறக்குவதற்கு ஆள் இருக்காது.

இதை எஞ்சினியர்களிடம் விளக்க வேண்டியிருப்பதுதான் கொடுமை. ஒரு சர்வர் நாள் முழுக்க 95 சதவீத லோடில் ஓடினால் ராத்திரி இரண்டு மணிக்கு நம்மை எழுப்பி விடுகிறார்கள். கியூ எகிறும், எல்லாம் தாமதமாகும் என்று எல்லாருக்கும் தெரியும். மெஷினுக்கு 'ஹெட்ரூம்' என்று பெயர் வைத்துக் காசு கொடுத்து வாங்குகிறோம். அதுவே மனுஷனுக்கு என்றால் பெஞ்ச்.

டேனியல் கோல்ட்மனின் ஜார்ஜியா டெக் குழு 2018இல் நெருப்பெறும்புகளிடம் பார்த்ததும் இதுவே. குறுகலான சுரங்கம் தோண்டும்போது 30 சதவீத எறும்புகள் 70 சதவீத வேலையைச் செய்தன. உள்ளே கூட்டம் இருந்தால் வந்த எறும்பு தோண்டாமலேயே திரும்பிவிடும். எல்லாமே உள்ளே பாய்ந்தால் நம் ஓஎம்ஆர் சாலை மாதிரி எதுவும் நகராது.

புற்று ஒரு கம்பெனி இல்லை, தெரியும். புற்றில் யாரும் யாரையும் வேலையை விட்டு அனுப்புவதில்லை; சும்மா நிற்பவையும் மற்ற எறும்புகள் கொண்டுவரும் இரையைத்தான் தின்கின்றன. ஒப்பிட ஆரம்பித்தது நான் இல்லை.

டெபோரா கோர்டன் அரிசோனா, நியூ மெக்சிகோ எல்லைப் பாலைவனத்தில் அறுவடை எறும்புகளை 1980களிலிருந்து கவனித்து வருகிறார். வெயிலில் விதை தேடிப் போனால் உடம்பு ஈரம் இழக்கும். அந்த ஈரம் திரும்பக் கிடைப்பதும் விதையிலிருந்துதான். அதனால் வறண்ட நாட்களில் சில புற்றுகள் ஆள் அனுப்புவதைக் குறைத்துக்கொள்கின்றன. அப்படி அடங்கியிருந்த புற்றுகளுக்கே வாரிசுப் புற்றுகள் அதிகம் என்று 2013இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். அடுத்த டவுன்ஹாலில் யாராவது இந்த ஸ்லைடைப் போடுங்கள்.