காலடியில் ஓர் ஆய்வுக்கூடம்

ஆறாம் வகுப்பு அறிவியலில் பொருள்களைப் பிரித்தல் பற்றிய பாடம் ஒன்று உண்டு. அரிசியிலிருந்து கல்லைப் பொறுக்குதல், மாவைச் சலித்தல், கலங்கிய நீரைத் தெளியவைத்தல், வடிகட்டுதல் ஆகியவற்றை மாணவர் அதில் கற்கின்றனர், தேர்வில் எழுதுகின்றனர். கோலார் தங்க வயலில் பயிலும் மாணவரும் அவ்வாறே எழுதுகின்றனர். ஆனால் பாறையிலிருந்து பொன்னைப் பிரித்தே நூறாண்டுக்கு மேல் வாழ்ந்த ஊர் தம்முடையது என்பதை அப்பாடத்தோடு அவர்கள் பொருத்திப் பார்ப்பதில்லை. இது சிறு குறையன்று. ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் அறிவியற் கல்வி மாணவர் வாழும் மண்ணிலிருந்து தொடங்கவேண்டும்.

1880களில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் இங்குப் புதிய முறையில் சுரங்கத் தொழிலைத் தொடங்கினர். வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து தமிழர் குடும்பம் குடும்பமாக வந்து குடியேறினர். அவர்கள் உழைத்த சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுடையது. அதன் அடியில் பாறையின் வெப்பநிலை 60 டிகிரி செல்சியசைக் கடந்திருந்தது. 1902ஆம் ஆண்டில் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து இச்சுரங்கங்களுக்கு மின்சாரம் வந்தது. ஆழம் செல்லச் செல்ல வெப்பம் மிகுவது ஏன்? வீழும் நீர் மின்னாற்றலைத் தருவது எவ்வாறு? ஒரு டன் பாறையில் சில கிராமே கிடைக்கும் பொன்னை எவ்வாறு பிரித்தனர்? ஒவ்வொரு வினாவும் ஓர் அறிவியற் பாடமாகும்.

இவ்வினாக்களுக்குரிய அனுபவம் பாட்டனார்களின் நினைவில் தமிழில் இருக்கிறது; பாடநூலோ ஆங்கிலத்தில் இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் பாலமாக வகுப்பறை அமையவேண்டும். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அவற்றில் இறங்கி உழைத்தோர் இன்று முதியோராகிவிட்டனர். அவர்களிடம் கேட்டறியும் காலம் குறுகிக்கொண்டே வருகிறது.

உலக அறிவியலாளர்கள் இம்மண்ணின் அருமையை அறிந்திருந்தனர். வானிலிருந்து ஓயாமல் பொழியும் துகள்களுள் நியூட்ரினோ என்னும் நுண்துகளைத் தனியே கண்டறிவது கடினம். பிற துகள்கள் அதனை மறைத்துவிடும். எனவே மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார், ஜப்பான், இங்கிலாந்து அறிவியலாளர்களுடன் சேர்ந்து, இச்சுரங்கத்தில் ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை நிறுவினர். மேலிருந்த பாறை சல்லடையாயிற்று. பிற துகள்களில் ஏறக்குறைய அனைத்தையும் அது தடுத்தது, நியூட்ரினோவை மட்டும் விட்டது. 1965இல், வளிமண்டலத்தில் தோன்றிய நியூட்ரினோக்களின் தடம் இங்குப் பதிவாயிற்று. அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கப் பொற்சுரங்கம் ஒன்றிலும் அத்தடம் காணப்பட்டது. ஆறாம் வகுப்பில் படிக்கும் சல்லடையும் அந்த அரிய ஆய்வும் ஒரே கருத்தின் இரு வடிவங்கள் அல்லவா?

“பாடத்திட்டம் பெரிது, தேர்வு நெருங்குகிறது, ஆய்வுக்கூட வசதி இல்லை. செய்து கற்க நேரம் ஏது?” என்று சிலர் வினவுவர். இத்தடைகள் உண்மையானவையே. எனினும் அவற்றைக் கடக்க முடியும் என்பதற்கு மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டம் சான்றாகும். 1972இல் 16 பள்ளிகளில் தொடங்கிய அத்திட்டம், ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கே உரியது. மாணவர் எளிய பொருள்களைக் கொண்டு தாமே சோதனை செய்தனர். நூலைத் திறந்துவைத்தே தேர்வெழுதினர். செய்முறைத் தேர்வும் நடந்தது. டாட்டா நிறுவன அறிவியலாளர்களும் அதற்குத் துணைநின்றனர். 2002இல் மாநில அரசு அதனை நிறுத்தியபோதிலும், சிற்றூர் அரசுப் பள்ளிகளிலும் இவ்வாறு கற்பிக்க இயலும் என்பதை அது முப்பது ஆண்டுகள் நடந்து மெய்ப்பித்தது.

கோலார் தங்க வயலுக்கு இத்தகைய கல்வி மிகவும் தேவை. பொன்னைப் பிரித்தபின் எஞ்சிய பாறைத்தூள், சயனைடு மேடுகளாக ஊரைச் சூழ்ந்து நிற்கிறது. காற்று வீசுங்கால் அதன் புழுதி வீடுகளுக்குள் புகுகிறது. அம்மேடுகளில் ஏறுவதும் அத்தூளை அள்ளுவதும் தகாது. ஆனால் பள்ளியின் நான்கு திசைகளிலும் தேங்காய் எண்ணெய் தடவிய கண்ணாடித் தகடுகளை ஒரு வாரம் வைக்கலாம். எத்திசைத் தகட்டில் புழுதி மிகுதி என உருப்பெருக்கியால் பார்க்கலாம். காற்றின் திசையையும் நாள்தோறும் குறித்துவைக்கலாம். மரம் எங்கு நடவேண்டும் என்னும் முடிவுக்கு மாணவர் தாமே வருவர். வரையறையை மனப்பாடம் செய்த மாணவர் மதிப்பெண் பெறுவர். புழுதியை அளந்து பார்த்த மாணவரோ, தம் ஊருக்கு என்ன வேண்டும் என்பதைச் சான்றுடன் கேட்பர்.

பொன் தீர்ந்த ஊர் என்று இவ்வூரைப் பலர் கூறுவர். வினவத் தெரிந்த பிள்ளைகள் உள்ளவரை இங்குத் தோண்டி எடுப்பதற்கு இன்னும் மிகுதி உண்டு.